பழைய பள்ளத்துத் தண்ணீர்

மேஸ்திரி வேலைக்கான மேட் பரீட்சையும் வெடி வைப்பதற்கான பிளாஸ்டர் பரீட்சையும் தேறி, சர்டிபிகேட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு முதல் தடவையாகக் குவாரியில் இறங்கப்போகிற பிள்ளைகளே, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பொறுமை குறைவு. குவாரி மேஸ்திரியாகக் கத்திக் கத்தியே காலம் தள்ளியவன். ஓய்வு பெற்ற பிறகும் நான் காபி கேட்டால் தெருக்கோடி வரைக்கும் கேட்கிறது என்று என் வீட்டுக்காரி தலையில் அடித்துக்கொள்கிறாள். எழுதும்போதும் அந்தச் சத்தம் கொஞ்சம் வரத்தான் செய்யும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

துளை எப்படிப் போடுவது, தோட்டா எத்தனை, திரி எவ்வளவு என்பதெல்லாம் உங்கள் புத்தகத்திலேயே இருக்கிறது. என்னைவிட நீங்கள் நன்றாக ஒப்பிப்பீர்கள். அதை விடுங்கள். நான் சொல்லப்போவது ஒரே ஒரு நாளைப் பற்றி. அதை இன்று நினைத்தாலும் கை தானாகக் கும்பிடப் போகிறது.

எண்பதுகளின் தொடக்கம். உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகும் வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு கல் கரடு. சுற்றிலும் ஏரியும் நெல்லும் கோயிலுமாகப் பழம்பெரும் ஊர்கள். நடுவில் எங்கள் குவாரிக் கொட்டாய்கள், ஓலையும் தகரமுமாக. அதற்கு ஒரு பெயர்கூடக் கிடையாது. பஸ் கண்டக்டர் "கல்லு ஒடைக்கிற எடம்லாம் எறங்கு" என்று கூவுவார், அதுதான் எங்கள் ஊர்ப் பெயர். நிலம் இல்லாத ஜனங்கள், ஏரி வற்றினால் வயல் வேலையும் இல்லாத ஜனங்கள், குடும்பம் குடும்பமாக வந்து கல் உடைத்தார்கள். மெட்ராஸில் வீடு ஏற ஏற இங்கே மலை இறங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு பள்ளத்தில் ஆள் செத்துவிட்டால், அந்தப் பள்ளத்தில் பிறகு யாரும் உளி வைக்க மாட்டார்கள். போகும் வழியில் ஒரு கல்லை நட்டு, தேங்காய் உடைத்து, திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார்கள். அதற்கப்புறம் ஆடு ஓட்டிக்கொண்டுகூட அந்தப் பக்கம் போவதில்லை. படுத்திருப்பவனை எழுப்பக் கூடாது என்பார்கள். நல்ல மரியாதைதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மரியாதைக்குக் கண் கிடையாது. கரட்டின் மறுபக்கத்தில் அப்படி விட்ட பள்ளம் ஒன்று இருந்தது. பாறை சரிந்து காசியம்மாவின் புருஷன் மாரி அதில்தான் செத்துப்போனான். அதற்கப்புறம் பல வருஷங்கள் மழை பெய்தது. அந்தப் பள்ளத்தில் என்ன இருக்கிறது என்று ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. நாங்கள் இந்தப் பக்கம் புதுப்பள்ளம் போட்டு, ஆழமாக வெட்டிக்கொண்டு, வருஷா வருஷம் அதை நோக்கியே நகர்ந்து போனோம்.

காசியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிள்ளை குட்டி இல்லை. புருஷன் போன பிறகும் ஊருக்குத் திரும்பாமல் எங்களோடு கூடை தூக்கியவள். வேலையில் சூரப்புலி. ஆனால் நல்லது பொல்லாததுக்கு அவளை முன்னால் நிற்க விட மாட்டார்கள், தாலி அறுத்தவள் என்று. கல்யாணம் காதுகுத்து என்றால் அவளே ஒதுங்கிக் கடைசியில் நிற்பாள்.

அந்த வருஷம் ஐப்பசி மழை அடித்து ஓய்ந்து, வேலை மறுபடி தொடங்கிய சமயம், பள்ளத்துச் சுவரில் தண்ணீர் கசிவதை முதலில் பார்த்தது காசியம்மாதான். பாறை விரிசலில் ஈரம், மறுநாள் நூல் மாதிரி ஒழுகல், அடுத்த வாரம் செம்பு வைத்துப் பிடிக்கலாம் போல ஊற்று. குடிதண்ணீருக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நெடுந்தூரம் நடந்த பெண்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவள் ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு என்னிடம் ஓடி வந்தாள்.

"மேஸ்திரி, எளநீ மாதிரி கீது! இந்தப் பாறைக்கு அந்தாண்ட தானே எங்க வூட்டுக்காரு படுத்துக்கினு கீறாரு. கூட தூக்கிக் கூட தூக்கி என் தொண்ட காயறத பாத்துக்கினு இருந்துட்டு, அவரு தான் அனுப்பிச்சிருக்காரு."

அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். கொஞ்ச நாளில் அந்த இடம் முழுக்க மஞ்சளும் குங்குமமுமாகிவிட்டது. சிலர் கங்கம்மா என்றார்கள், சிலர் மாரியே சாமியாகிவிட்டான் என்றார்கள். முதலாளிக்கும் பக்தி பொங்கிவிட்டது. அவர் கெட்டவர் இல்லை, லாபமும் சாமியும் ஒன்றாக வந்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? வெள்ளிக்கிழமை வேலைக்கு லீவு, பள்ளத்துக்குள்ளேயே பொங்கல், பம்பை வைத்துப் பூசை என்று அறிவித்தார். முதல் பானைக்கு நெருப்பு வைக்க வேண்டியது காசியம்மா என்று எல்லோரும் ஒருமனதாகச் சொன்னார்கள். அவள் கண்டெடுத்த ஊற்றல்லவா!

இதில் சந்தோஷப்படாத ஆள் ஒருவர்தான். துளை போடக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் ஓட்டுகிறவர். சொந்த ஊர் பழையசீவரம் பக்கம்தான், ஆனால் வயசுக் காலத்தில் வடக்கே போய் நிலக்கரிச் சுரங்கத்தில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர். அவரைக் கரிக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அதிகம் பேச மாட்டார். டீக்கடையில் நாஷ்டா சாப்பிடும்போது எப்போதாவது அந்த ஊரைப் பற்றிச் சொல்வார். வரிசை வரிசையாக ஒரே மாதிரி வீடுகள், துணி காயப்போட்டால் சாயங்காலத்துக்குள் கறுத்துப்போகும். ஊருக்கே ஒரு சங்கு. அது ஊதினால் தூங்கி, ஊதினால் எழுந்து, ஊதினால் சோறு வடிக்கிற ஜனம். ஒரு நாள் அந்தச் சங்கு நேரம் கெட்ட நேரத்தில் ஊதியதாம். பெண்கள் கையில் கரண்டியோடும் இடுப்பில் பிள்ளையோடும் சுரங்க வாசலுக்கு ஓடினார்களாம். ஒருத்தியும் அழவில்லையாம், ஆட்களை மேலே தூக்கும் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்களாம். பக்கத்தில் எப்போதோ மூடிவிட்ட பழைய சுரங்கத்தில் தேங்கிக் கிடந்த தண்ணீர், நடுச்சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறது. எழுபதுகளில் இப்படி ஒரு பெரிய விபத்தைப் பற்றிப் பேப்பரில் எல்லாம் வந்தது. இது அதில்லை, பேப்பரில் வராத சின்னது. சின்னது என்றால், ஒரு தெரு முழுக்க ஆம்பளை இல்லாமல் போன அளவுக்குச் சின்னது.

வெள்ளிக்கிழமை காலையில் அந்தக் கரிக்காரர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். பள்ளத்துக்குள்ளே அடுப்புக் கல் கூட்டி, பானை ஏற்றியிருந்தார்கள். பம்பைக்காரர் பம்பைத் தோலைச் சூடு காட்டிக்கொண்டிருந்தார். குவாரி ஜனம் மொத்தமும் சுவரடியில் உட்கார்ந்திருந்தது.

"தம்பி, ஊத்த பாரு. நேத்து பாறைய ஒட்டி வந்துச்சி. இன்னிக்கி எட்டிப் போய் வுயுது. பின்னால இருந்து எதுவோ தள்ளுது. கைய வெச்சிப் பாரு, பொடிக்கல்லு வருது. இது ஊத்து இல்ல. அந்தாண்ட பள்ளம் ரொம்பிப் போயி நம்ம தலைக்கு மேல நிக்குது."

கை வைத்துப் பார்த்தேன். உள்ளங்கையில் மணல் மாதிரி கல் தூள் வந்து தட்டியது. ஊற்றுக்கு அப்பால் சுவரில் புதிதாக இரண்டு மூன்று ஈரக்கோடுகள்.

இந்த இடத்தில் உங்களில் கெட்டிக்காரர் ஒருவர் கேட்பார், விசில் ஊதியிருக்கலாமே என்று. எனக்கும் கை விசிலுக்குத்தான் போனது. நல்ல வேளையாகப் பாதியில் நின்றது. வெடி விசில் ஊதினால் எங்கள் ஜனம் எங்கே ஓடும் தெரியுமா? மேலே ஏறாது. கல் தெறிக்காமல் ஒண்டுவதற்கு வாகாகக் குடைந்த இடம் பள்ளத்துக்குள்ளேயே இருந்தது. இன்றைய சட்டம் அதைப் பார்த்தால் மயக்கம் போட்டு விழும், அன்று அப்படித்தான் நடந்தது. அந்த இடம், அந்தச் சுவரின் அடிதான். ஊதியிருந்தால், தள்ளி நின்ற நாலு பேரையும் நானே அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருப்பேன். பழகிப்போன கை முந்திக்கொள்ளும், பிள்ளைகளே. அதைக் கொஞ்சம் பிடித்து நிறுத்துவதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம்.

வாயால் சொன்னோம். "எல்லாரும் மேல ஏறுங்க, சுவரு தாங்காது!" என்று நான் கத்தினேன். கத்துவதுதான் என் தினசரி வேலையாயிற்றே, யார் மதிப்பார்கள்? கரிக்காரர் கெஞ்சினார். "நல்ல நாளும் அதுவுமா கருநாக்கு வெச்சிக்கினு வந்துட்டாருப்பா" என்று ஒருவன் முனகினான். முதலாளி வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"இன்னாப்பா மேஸ்திரி பேஜார் பண்றே? சாமி காரியம். அந்தாண்ட தண்ணி கீதுன்னு நீ பாத்தியா?"

"பாக்கல மொதலாளி."

"அப்போ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு."

நட்ட கல்லைத் தாண்டிப் போ என்கிறாரே! அப்படிப் போய்விட்டு வந்து நான் என்ன சொன்னாலும், தீட்டுப்பட்ட வாய் என்று என்னை ஒதுக்குவார்களே தவிர, ஏற மாட்டார்கள். அந்தப் பள்ளத்தில் கால் வைக்க உரிமை உள்ள ஆள் அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான். அவள் கையில் தீப்பெட்டியோடு முதல் பானைக்கு முன்னால் குந்தியிருந்தாள். தலை நிறைய எண்ணெய் வைத்து வாரி, இருப்பதில் நல்ல புடவை கட்டியிருந்தாள். பெண்கள் சுற்றி நின்று "கொளுத்து காசி, கொளுத்து" என்று கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். புருஷன் போன பிறகு அவளை யாரும் முன்னால் உட்கார வைத்தது அதுதான் முதல் தடவை.

அவளைப் போய் எழுப்ப எனக்கு மனசே வரவில்லை. பக்கத்தில் குந்தி, காதோடு சொன்னேன். "காசியம்மா, நீ கொஞ்சம் என்கூட வரணும். மாரி இருக்கிற எடத்துக்கு."

அவள் என்னையே பார்த்தாள். "இன்னாத்துக்கு மேஸ்திரி?"

"அங்க இன்னா கீதுன்னு நீ ஒருத்தி பார்த்துச் சொன்னாதான் இவங்க நம்புவாங்க. நீ வரலன்னா யாரும் எந்திரிக்க மாட்டாங்க."

தீப்பெட்டியைக் கல் மேல் வைத்தாள். எழுந்துவிட்டாள்.

லாரிப் பாதையில் ஏறி, கரட்டைச் சுற்றிக்கொண்டு போனோம். நட்ட கல் முள்ளுச் செடிக்குள் மறைந்து கிடந்தது. அவள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தாண்டினாள். எனக்குக் கால் கூசியது, இருந்தாலும் பின்னாலேயே போனேன்.

எத்தனையோ ஏரிகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். நிரம்பி வழிந்து கோடி போகிற ஏரியையும் பார்த்திருக்கிறேன், ஐயங்கார்குளத்துக் குளத்தையும் பார்த்திருக்கிறேன். அதெல்லாம் ஆள் புழங்குகிற தண்ணீர். இது வேறு. விளிம்பு வரை ததும்பி, அலை இல்லாமல், கரும்பச்சையாக நின்றது. வானமும் கரடும் தலைகீழாக உள்ளே இருந்தன. ஒரு பறவை இல்லை. எங்கள் உளி பட்ட பாறை, எங்கள் வெடிக்குப் பிளந்த பாறை, மனுஷன் திரும்பிப் பார்க்காத வருஷங்களில் தனக்குள்ளேயே ஒரு கடலைச் சேர்த்து வைத்திருக்கிறது. பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் நாமெல்லாம் எம்மாத்திரம் என்று தோன்றியது.

எங்கள் பள்ளம் இருந்த பக்கத்துக் கரையோரம் பார்த்தேன். இரண்டு பள்ளத்துக்கும் நடுவில் மிச்சமிருந்த பாறை, மேலே ஒரு மாட்டு வண்டி போகிற அகலம்தான் இருந்தது. குளத்தில் விழுந்த சருகெல்லாம் காற்றே இல்லாமல் அந்தப் பக்கமாக நகர்ந்து போய், ஓர் இடத்தில் சேர்ந்து மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. அங்கேதான் தண்ணீர் வழி கண்டுபிடித்துக்கொண்டிருந்தது. அப்போது பம்பை அடிக்க ஆரம்பித்தார்கள். அந்தச் சத்தம் எனக்குத் தண்ணீருக்குக் கீழேயிருந்து கேட்டது. உண்மையிலேயே கீழேயிருந்துதான்! எங்கள் ஜனம் இந்தத் தண்ணீர் மட்டத்துக்கு எவ்வளவோ கீழே உட்கார்ந்து கும்பிட்டுக்கொண்டிருந்தது.

காசியம்மா விளிம்பில் குந்தி, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கை அள்ளினாள், விட்டுவிட்டாள். நான் அவசரப்படுத்தவில்லை. அந்த முகத்தைப் பார்த்து எனக்கே கத்த வரவில்லை. பிறகு அவளாகவே எழுந்து, விறுவிறு என்று நடந்தாள். அவளை எட்டிப் பிடிக்க நான் ஓட வேண்டியிருந்தது.

பள்ளத்தின் நடுவே போய் நின்றாள். பம்பை நின்றது. அந்தக் குரலை அவளிடம் அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் கேட்டதில்லை.

"அவரு அங்க தான் கீறாரு. நான் பாத்துட்டு வர்றேன். நம்மள கும்புடச் சொல்லி இந்தத் தண்ணிய அனுப்பல. 'என் எடத்த வுட்டு அல்லாரும் வெளிய போங்க, நான் வரப் போறேன்'னு சொல்லி அனுப்பிச்சிருக்காரு. எய்ந்திருங்க! கொயந்தைங்கள தூக்குங்க! பானைய வுடுங்க!"

எழுந்தார்கள். நானும் கரிக்காரரும் தொண்டை கிழியக் கத்தியும் அசையாத ஜனம், அவள் ஒரு வார்த்தைக்கு மொத்தமாக எழுந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக ஏறியவர் முதலாளி, அதையும் சொல்லிவிட வேண்டும். லாரிப் பாதையும் அந்தச் சுவரை ஒட்டியே ஏறியது. சுவரைத் தொட்டுக்கொண்டுதான் எல்லோரும் மேலே வர வேண்டும். கரிக்காரர் நடக்க முடியாத கிழவர் ஒருவரை முதுகில் போட்டுக்கொண்டு கடைசியாக வந்தார்.

மேலே வந்து நின்றோம். ஒன்றும் நடக்கவில்லை. அந்த நேரம்தான் கொடுமை. ஜனம் முணுமுணுக்கத் தொடங்கியது. பித்தளை அண்டாவை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று ஒருவர் கிளம்பினார். நான் பாதை வாசலில் குறுக்கே உட்கார்ந்துகொண்டேன். "என்னை மிதிச்சிட்டுப் போ" என்றேன். சுவர் உடையாமல் போயிருந்தால் ஆயுசுக்கும் என்னைக் கேலி செய்திருப்பார்கள். போகட்டுமே. கேலிக்குப் பயந்து ஆளைக் கீழே விடுகிறவன் மேஸ்திரி வேலைக்கு லாயக்கில்லை.

வெயில் உச்சிக்கு வரும் நேரம், வெடி போல ஒரே ஒரு சத்தம். அடுக்குப் பானையில் நடுப்பானையை உருவினது போல, சுவரிலிருந்து ஒரு பாறை மட்டும் வெளியே வந்து விழுந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம் எதுவுமில்லை. அப்புறம் தண்ணீர் வந்தது. அது ஓடி வரவில்லை, நின்றுகொண்டு வந்தது. பத்துப் பேர் சேர்ந்து தள்ளினாலும் அசையாத கம்ப்ரஸரை உருட்டிக்கொண்டு போனது. லாரிப் பாதையைத் துடைத்து எடுத்தது. பாறைகள் ஒன்றையொன்று இடிக்கும் சத்தம் எங்கள் பாதங்களின் வழியாக நெஞ்சுக்கு ஏறியது. நாங்கள் உட்கார்ந்திருந்த இடம், பானைகள், பம்பை, மஞ்சள் பூசிய கல் எல்லாம் கண் எதிரிலேயே காணாமல் போயின. எல்லோர் கையும் தானாகக் குவிந்திருந்தது, என் கையும்தான்.

தண்ணீர் அடங்கிய பிறகு பார்த்தால் கரிக்காரர் கூட்டத்துக்குள்ளே புகுந்து புகுந்து ஒவ்வொரு முகமாகத் தொட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் என்னிடம் வந்தார். "அல்லாரும் கீறாங்க தம்பி. இந்த தபா அல்லாரும் கீறாங்க" என்று சொல்லிவிட்டு, குழந்தை மாதிரி அழுதார்.

பள்ளம் போய்விட்டது, இனி அங்கே வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் அந்தப் பெயரில்லாத ஊரும் இல்லை. ஒரே வாரத்தில் கொட்டாய்களைப் பிரித்து ஓலையைச் சுருட்டிக்கொண்டு, ஆளுக்கொரு குவாரியாகக் கிளம்பிவிட்டார்கள். காசியம்மா மூட்டை கட்டிக்கொண்டிருக்கும்போது நான் போனேன். போகிறவர்கள் எல்லோரும் அவள் காலைத் தொட்டுவிட்டுப் போனதை ஏற்கெனவே பார்த்திருந்தேன். மனசுக்குள் குடைந்துகொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"காசியம்மா, அன்னிக்கி அங்க உக்காந்துக்கினு இருந்தியே, மாரி உங்கிட்ட இன்னா சொன்னான்?"

அவள் முடிச்சைப் பல்லால் இறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"ஒண்ணும் சொல்லல மேஸ்திரி. அங்க அவரு இல்ல. இத்தினி வருசமா அங்க படுத்துக்கினு கீறாரு, பாறைக்கு அந்தாண்ட நின்னு என்னப் பாத்துக்கினு கீறாருன்னு தான் கூட தூக்கிக்கினு இருந்தேன். போய்ப் பாத்தேன். தண்ணி. வெறுந் தண்ணி. வேற ஒண்ணும் இல்ல."

"அப்போ கீய வந்து..."

"தண்ணி வருதுன்னு நீங்க சொன்னீங்க. கரிக்காரரும் கெஞ்சினாரு. எவனாச்சும் எய்ந்தானா? எங்க வூட்டுக்காரு சொன்னாருன்னு நான் சொன்னா எய்ந்துப்பாங்கோ. அதான் சொன்னேன்."

மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துவிடச் சொன்னாள். வைத்தேன். ரோட்டைப் பார்த்து நடந்தாள்.

அதற்குப் பிறகும் பல குவாரிகளில் அவளும் நானும் ஒன்றாக வேலை பார்த்தோம். அந்த நாளைப் பற்றிப் பேச்சு வந்தால், தெய்வாதீனமாக ஓர் உயிர்கூடப் போகவில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். காசியம்மா பக்கத்தில் இருக்கும்போது மட்டும் சொன்னதில்லை.